ஊஞ்சலுக்கு நேர் மேலே ஒரு பல்லி

மருதங்குடி ராஜா வீரகேசரிக்குச் சாப்பாட்டிலும் குறை இருக்கக்கூடாது, கதையிலும் குறை இருக்கக்கூடாது. மத்தியானம் இலையை விட்டு எழுந்தால் நேரே ஊஞ்சல்தான். வாய் நிறைய வெற்றிலை. எதிரே அரண்மனைக் கதைகாரர் ஏகாம்பரம். ராஜாவின் வாய் ஒழியாது என்பதால், அவருக்குப் பதிலாக 'உம்' கொட்டுவதற்கென்றே பொன்னையா என்று சம்பளத்துக்கு ஓர் ஆள் உண்டு. அப்படியோர் உத்தியோகம் யாருக்குத்தான் கசக்கும்?

ஒருநாள் ஏகாம்பரம் தாயைப் பிரிந்த கன்றுக்குட்டியின் கதையைச் சொன்னார். ராஜா தேம்பித் தேம்பி அழுதார். அன்றைக்குப் பாயசத்தைக்கூடத் தொடவில்லை. ஏகாம்பரத்தின் இடத்தின்மேல் வெகுநாளாய் ஒரு கண் வைத்திருந்த உத்தண்ட பண்டிதர், இதுதான் சமயமென்று ராஜாவின் காதைக் கடித்தார்.

"கஷ்டக் கதை கேட்டால் உண்ட சோறு செரிக்காது, மகாராஜா. கஷ்டமே இல்லாமல் ருசியாகச் சொல்லத் தெரியாதவன் என்ன கதைகாரன்?"

ராஜா உடனே உத்தரவு போட்டார்.

"ஏகாம்பரம், நாளைக் கதையில் ஒரு ஈ எறும்புக்குக்கூடக் கஷ்டம் வரக்கூடாது. ஆனால் நானே வாய் திறந்து 'அப்புறம்?' என்று கேட்கவேண்டும். கேட்காவிட்டால் நீர் ஊரைவிட்டுப் போகலாம்."

ஏகாம்பரத்துக்கு ஏர் பிடிக்கவும் தெரியாது, தராசு பிடிக்கவும் தெரியாது. கதையை விட்டால் அவருக்குப் பிழைப்பு ஏது? உப்பில்லாமல் ஊறுகாய் போடச் சொல்கிறாரே என்று புலம்பிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மூட்டை முடிச்சோடு வந்து உட்கார்ந்தார். சபை நிறைந்திருந்தது.

"ஓர் ஊரில் ஒரு ராஜா. அவருக்கு நோயும் இல்லை, பகையும் இல்லை."

"உம்," என்றார் பொன்னையா.

"மழை வேண்டிய மட்டும் பெய்தது. மாடுகள் உதைக்காமல் பால் கறந்தன."

"உம்ம்..."

"ராணி நல்லவள். மாமியாரும் நல்லவள்."

பொன்னையாவிடமிருந்து 'உம்' வரவில்லை, குறட்டை வந்தது. ராஜாவுக்கும் கண் செருகியது. பண்டிதர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

ஏகாம்பரம் குரலை மாற்றவே இல்லை. "அந்த ராஜா சாப்பிட்டுவிட்டு ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய பண்டிதர். நேர் மேலே, உத்தரத்தில் ஒரு பல்லி."

ராஜாவின் கண் திறந்தது. தலையில் பல்லி விழுந்தால் எமன் வண்டி கட்டிவிட்டான் என்பது மருதங்குடி நம்பிக்கை. ராஜாவுக்கு அந்த நம்பிக்கை ஊராரைவிட ஒரு படி அதிகம்.

"கொழுத்த பல்லி. வயிறாரத் தின்ற பல்லி. அதற்கு ஒரு கஷ்டமும் இல்லை. உண்ட மயக்கத்தில் பின்னங்கால் மட்டும் கொஞ்சம் நழுவியது. அப்புறம் முன்னங்காலும் நழுவியது. கீழே ஊஞ்சல் முன்னே போயிற்று, பின்னே வந்தது. முன்னே போயிற்று..."

ராஜா காலை ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினார். கை தானாகத் தலைக்குப் போனது.

"கதை அவ்வளவுதான், மகாராஜா."

ஏகாம்பரம் கும்பிட்டுவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ராஜா உத்தரத்தைப் பார்த்தார். பண்டிதரைப் பார்த்தார். தம் கௌரவத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்த்தார். ஏகாம்பரம் வாசற்படியில் கால் வைத்துவிட்டார். பின்னால் யாரோ படிக்கத்தில் வெற்றிலையைத் துப்பும் சத்தம் கேட்டது.

"ஓய், நில்லும். அப்புறம்? அப்புறம் என்ன ஆயிற்று?"

ஏகாம்பரத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இது மோசடி," என்று பாய்ந்தார் பண்டிதர். "கதையில் கஷ்டம் வந்துவிட்டது."

"யாருக்கு வந்தது, பண்டிதரே? கதையில் ராஜா சுகமாக ஆடிக்கொண்டிருக்கிறார். பல்லி இன்னும் உத்தரத்தில்தான் இருக்கிறது. கஷ்டமெல்லாம் கேட்டவர்களுக்குத்தான். அவர்களுக்கு வரக்கூடாதென்று உத்தரவில் இல்லையே."

"அதெல்லாம் கிடக்கட்டும்," என்றார் ராஜா. "பல்லி விழுந்ததா, இல்லையா?"

"சொன்னால் யாருக்காவது கஷ்டம் வருமே, மகாராஜா."

"உத்தரவு ரத்து. சொல்லித் தொலையும்."

"விழுந்தது."

ராஜாவின் முகம் வெளுத்தது.

"ஆனால் அந்த நொடியில் ராஜா ஊஞ்சலை ஓர் உந்து உந்தினார். பல்லி வந்து விழுந்த இடத்தில் ராஜா இல்லை. அவர் காதைக் கடிக்கக் குனிந்த பண்டிதரின் குடுமிதான் இருந்தது."

ராஜா சிரித்த சிரிப்பில் ஊஞ்சல் சங்கிலியெல்லாம் குலுங்கியது. விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி ஏகாம்பரத்தின் கையில் வைத்தார். சபை கலைந்தது.

ஏகாம்பரம் மூட்டையோடு வீட்டுக்குத் திரும்பும் வழியில் யாரோ மேல்துண்டைப் பிடித்து இழுத்தார்கள். உத்தண்ட பண்டிதர். ஒரு கை துண்டில், இன்னொரு கை குடுமியில்.

"ஏகாம்பரம், அப்புறம் அந்தப் பண்டிதருக்கு ஒன்றும் ஆகவில்லையே?"