அண்ணாச்சியின் ஒருநாள் கேமரா

குருவுக்கு முப்பது வயது, சீடருக்கு அறுபது. அப்படியும் உண்டா என்றால், ஆலடிக்குளத்தில் உண்டு.

குரு ஜெபக்கனி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஞாயிறானால் குளத்தில் பறவைக் கணக்கெடுப்பு. சீடர் சுடலைமுத்து, மளிகைக்கடைக்காரர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

போன மாசியில் மீன்வலையில் சிக்கிக் கிடந்த வரித்தலை வாத்து ஒன்றை, வலையை அறுத்து விடுவித்தவர் அண்ணாச்சிதான். ஒரு இறக்கை சரியாக விரியவில்லை. மங்கோலியாவில் யாரோ மாட்டிவிட்ட பச்சைப் பட்டை அதன் கழுத்தில் இருந்தது. அதில் 'கே எட்டு' என்று எழுத்து. இது எங்கே இமயமலையைத் தாண்டி ஊர் திரும்பப் போகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். ஜெபக்கனி மட்டும் எழுத்தை நோட்டில் குறித்துக்கொண்டாள். கூட்டம் கிளம்பியபோது அதுவும் கிளம்பிப் போனது.

இந்த மார்கழியில் வாத்துக் கூட்டம் மறுபடி வந்து இறங்கியது. நடுத்திட்டில் பச்சைப் பட்டையோடு ஒன்று நின்றது. பச்சைப் பட்டை வேறு வாத்துகளுக்கும் உண்டு. எழுத்தைப் படித்தால்தான் தெரியும். பைனாகுலருக்கு அது எட்டவில்லை. கிட்டே போனால் பறந்துவிடும். அண்ணாச்சிக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் ஸ்டுடியோக்காரரிடம் ஒரு கேமராவை ஒருநாள் இரவலாக வாங்கி வந்தார். லென்ஸைக் கழற்றி மாட்ட முடியாது, ஆனால் மூக்கு மட்டும் நீண்டுகொண்டே போகிற வகை. வாங்குவதானால் விலை குறைவு. சாயங்காலத்துக்குள் வேண்டுமா, வேண்டாமா என்று சொல்லிவிட வேண்டும்.

பருப்பு மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்த்தே வாங்குகிறவர் சும்மா விடுவாரா. கரையில் உட்கார்ந்து கேமராவுக்கும் குத்தூசி போட்டார். எடை இல்லை, கழுத்து வலிக்காது. தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில். சரி. ஆனால் வானம் மூட்டம் போட்டால் படம் ரவையைக் கொட்டினாற்போல் புள்ளி புள்ளி. முழு ஜூமில் மூச்சு விட்டாலே ஆடுகிறது. இறகின் இழை தெரியவில்லை, கண்காட்சியில் மாட்டினால் சிரிப்பார்கள். பறக்கிற பறவையைப் பிடிப்பதற்குள் அது அடுத்த தாலுகாவுக்குப் போய்விடும்.

"டீச்சர், வாங்கலாமா, வேண்டாமா?"

"வாத்து அங்கேயேதான் நிக்குது அண்ணாச்சி."

அவருக்குச் சுருக்கென்றது. கேமராவைத் தூக்கி, எடுத்த எடுப்பில் மூக்கை முழுசாக நீட்டினார். வெறும் சேறு. நகர்த்தினார். தண்ணீர். மறுபடி சேறு.

"இதுல வாத்தே இல்ல."

"இம்புட்டுப் பெரிய குளத்தை ஊசிக்காது வழியாப் பார்த்தா? மூக்கை உள்ள இழுங்க. வாத்தை நடுவுல வைங்க. பெறவு போங்க."

சொல்லிவிட்டு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கேமராவைத் தன் தோளில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். மூச்சையும் பிடித்துக்கொண்டாள்.

அண்ணாச்சி மெல்ல மெல்ல நீட்டினார். திட்டு பெரிதானது. வாத்து பெரிதானது. பச்சை தெரிந்தது. வாத்து குனிந்து சேற்றைக் கிளறிக்கொண்டே இருந்தது. அப்புறம், போனால் போகிறது என்பதுபோல் தலையைத் தூக்கியது. பொத்தானை அழுத்தினார்.

"கே," என்றார். "கே எட்டு. டீச்சர், நம்ம கே எட்டு."

அவள் தோள் குலுங்கியது. திரையில் வாத்து ஆடிப்போனது.

அண்ணாச்சி எழுந்து துண்டை உதறினார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கடைக்குப் போன் போட்டு மனைவியிடம் சொன்னார். வாத்து வந்தது சரி, வெல்லம் வந்ததா என்று அந்தம்மா கேட்டாராம்.

பிறகுதான் எடுத்த படத்தைப் பார்த்தார். எழுத்து தெரிந்தது. மற்றதெல்லாம் ரவை.

"எழுத்துக்கு நூறு மார்க். படத்துக்குப் பாஸ் மார்க்கூட இல்ல. வாங்கட்டுமா டீச்சர்?"

ஜெபக்கனி திட்டைக் கை காட்டினாள்.

"இன்னொரு தரம் கே எட்டைப் பிடிங்க. பிடிச்சு, மெதுவா உள்ள இழுங்க."

இழுத்தார். கே எட்டு சிறிதானது. பக்கத்தில் இன்னொரு வாத்து வந்தது. அதை ஒட்டி மூன்று வந்தன, தலையில் இன்னும் வரி விழாதவை. இந்த வருஷத்துக் குஞ்சுகள். கே எட்டு நகர்ந்தால் அவையும் நகர்ந்தன.

சாயங்காலம் ஸ்டுடியோக்காரர் கூப்பிட்டார். அண்ணாச்சியின் போன் அடித்துக்கொண்டே கிடந்தது. கடைசியில் ஜெபக்கனிதான் எடுத்தாள். கேமரா எப்படி என்று அவர் கேட்டார்.

"படம் சுமார்தான்," என்றாள். "அண்ணாச்சி இன்னும் கீழ வைக்கல."