பார்க்காமல் போட்ட கையெழுத்து

ஜெர்மனியில், காடு சூழ்ந்த ஒரு பல்கலைக்கழக ஊரில் இர்ம்கார்ட் ஃபோஸ் என்றொரு பேராசிரியர் இருந்தார். வறட்சியில் ஓக் மரங்கள் வேர் வழியாக ஒன்றுக்கொன்று தண்ணீர் கொடுத்துக்கொள்கின்றன என்று சொன்னவர். அந்தக் கருத்துக்காக அடுத்த மாதம் அவருக்குப் பெரிய விருது.

அவரிடம் ஆராய்ச்சி செய்துவந்தவள் கோவில்பட்டி செண்பகவல்லி. அதே காட்டில் மூன்று கோடை அளந்து பார்த்தாள். ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை.

அவளுக்குத் தூக்கம் போயிற்று. வேலை ஒப்பந்தம் முடியப்போகிறது. நீட்டிக்கப் பேராசிரியரின் கையெழுத்து வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் விசாவும் இல்லை. அதைவிட, உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறோமே என்ற உறுத்தல். கசப்பைச் சொல்லுமுன் வாயை இனிப்பாக்கிவிடலாம் என்று மைசூர்பாகு கிண்டி எடுத்துக்கொண்டு போனாள். நம் ஊர்ப் புத்தி எங்கே போகும்?

பேராசிரியர் ஒரு துண்டைக் கடித்தார். அவள் என்னென்னவோ சுற்றி வளைத்துப் பேசினாள். கடைசியில் கேட்டேவிட்டாள்.

"ஆராய்ச்சி சுதந்திரமானது என்று இந்த நாட்டு அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறதாமே. அது எனக்கும் உண்டா?"

கேட்டுவிட்டு, தன் அளவுகளைக் குறித்த வரைபடத்தைப் பிரிக்கப் போனாள்.

"பொறு," என்றார் பேராசிரியர். "உன் நீட்டிப்புத் தாள் எங்கே?"

கொடுத்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். தானே எழுந்து போய் அலுவலகத்தில் சேர்த்துவிட்டு வந்தார். உட்கார்ந்த பிறகுதான் கையை நீட்டினார்.

"இப்போது காட்டு."

வெகுநேரம் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. எப்படி அளந்தாள், கருவி சரியாக இருந்ததா என்று துருவித் துருவிக் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல அவருக்கே ஆர்வம் தாங்கவில்லை. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பிறகு விருதுக் குழுவுக்குத் தொலைபேசினார். விருது விழாவில் தான் ஆற்றவேண்டிய உரையைத் தன் மாணவி நிகழ்த்துவாள் என்றும், அதைக் கேட்டுவிட்டு விருது தருவதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்யட்டும் என்றும் சொன்னார்.

செண்பகவல்லிக்கு மெய்சிலிர்த்தது. இப்படி ஒரு மனுஷியை அவள் கண்டதில்லை. காலில் விழுந்து கும்பிடத்தான் தோன்றியது.

"என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களே," என்றாள்.

"பார்த்த பிறகு போட்டிருந்தால் ஆயுள் முழுக்க எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பாய். அப்புறம் என் அடுத்த தப்பை யார் சொல்வது?"