செயல் அலுவலரின் பாஸ்வேர்ட்

நெடும்பாறைப் பேரூராட்சியின் செயல் அலுவலர் கஜபதி ஆறு வருஷமாக நாற்காலியைத் தேய்த்தார். அவர் பெயரில் லாகின் செய்து கோப்புகளுக்கெல்லாம் ஒப்புதல் கொடுத்தவள் ஒப்பந்த ஆபரேட்டர் தவமணி. அவருடைய பாஸ்வேர்டை அமைத்தவளும் அவள்தான்; அது பிரவுசரிலேயே சேமிக்கப்பட்டிருந்தது.

மேலதிகாரி ஆய்வுக்கு வரும் நாளில் கஜபதி உறுமினார்: "பிரவுசரைப் பத்திரமாக்கு. என் பாஸ்வேர்ட் என்னைத் தவிர வேற யாருக்கும் சிக்கக் கூடாது. சிக்குச்சு, உன் சீட்டைக் கிழிச்சிடுவேன்."

தவமணி செட்டிங்ஸுக்குள் போய்ச் சேமித்த பாஸ்வேர்டையெல்லாம் அழித்தாள். இனி எதையும் சேமிக்காதபடி மாற்றியும் வைத்தாள்.

மேலதிகாரி வந்தார். "உங்க லாகினைத் திறங்க" என்றார்.

கஜபதி கீபோர்டையும் தவமணியையும் மாறி மாறிப் பார்த்தார். "நீயே போடேம்மா."

"உங்களைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

மேலதிகாரி ஆபீஸே சிரிக்கும்படி கஜபதியைத் திட்டிவிட்டுப் போனார்.

மறுநாளே தவமணியை நீக்கும் உத்தரவு தயார். அதற்கும் லாகினில் ஒப்புதல் வேண்டுமே! வெட்கமில்லாமல் அவளையே கூப்பிட்டார் கஜபதி. தவமணி திரையில் தன் பெயரை ஒருமுறை படித்தாள். பாஸ்வேர்டை அடித்துத் தன் வேலை நீக்கத்துக்குத் தானே ஒப்புதல் கொடுத்தாள். லாகினை மூடிவிட்டு எழுந்தாள்.

"பாஸ்வேர்ட் என்னன்னு சொல்லிட்டுப் போம்மா" என்று குழைந்தார் கஜபதி.

"நான் இப்ப வெளியாளு சார். வெளியாளுகிட்ட பாஸ்வேர்ட் பேசலாமா?"