வெள்ளைக் கார் யாருது?

கூடப் படித்தவளாயிற்றே என்று, பள்ளிக்கூட ஆயா பிலோமினா தன் பேரில் கடன் போட்டு மாதர் சங்கத் தலைவி ஹேமலதாவுக்குக் கார் வாங்கிக் கொடுத்தாள். ஹேமலதா ஒரு தவணையும் கட்டவில்லை. பிலோமினாவின் சம்பளத்தை பேங்க் பிடித்துக்கொண்டது. கைக்குழந்தைக்குப் பால் வாங்கவும் வழியில்லை.

"காரையாவது குடு ஹேமா."

"என் காரைக் கேக்க நீ யாருடி?"

சங்க விழாவில் ஊரே கூடியிருந்தபோது பிலோமினா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "வாசல்ல நின்ன வெள்ளைக் கார் தானா உருண்டு போய் இன்ஸ்பெக்டர் ஜீப்பை இடிச்சிடுச்சு! யாரு காருன்னு கத்துறாரு!"

ஹேமலதா அவசரமாகக் கைப்பையைத் திறந்தாள். "ஐயோ, அது என் காரே இல்ல! கடன், ஆர்.சி. எல்லாம் இவ பேர்லதான்! இந்தாடி சாவி, நீயே போய்ப் பதில் சொல்லு!"

பிலோமினா சாவியை லபக்கென்று பிடித்தாள்.

"எல்லாரும் கேட்டீங்கல்ல? இன்னைக்கே இதை வித்துக் கடனை அடைக்கிறேன். பயப்படாத ஹேமா, அந்த வண்டி யாரையும் இடிக்கல, என்னைத் தவிர!"