விடுமுறையில் போட்ட தரை

“மூணாவது தடவையும் பேந்துடுச்சுங்க மேடம்,” என்றார் வேதமுத்து.

தொழிற்சாலைகளுக்கு எபாக்சி என்ற பிசின் கலவையில் தரை ஊற்றும் மேஸ்திரி அவர். ஐம்பத்து நான்கு வயது. எதிரே இருந்த தரைப்பூச்சு ஆலோசகர் சலீமாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் தரை விஷயத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது அவர் முன்னால்தான்.

“முதல்ல ரெண்டு எம்எம் கனத்துக்குப் போட்டேன். அப்புறம் நாலு. போன தீபாவளி லீவுல ஆறு. அதுவும் அப்பளம் மாதிரி எழும்பி வருது.”

சலீமா மூன்று எண்களையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

“பேந்த விளிம்புல கால் தடுக்கி நேத்து ஒரு பொண்ணு விழுந்துடுச்சு. செண்பகம்னு பேரு. பாகுச் சட்டியோட விழுந்துருக்கு. ரெண்டு கையும் வெந்து போச்சு.”

வேதமுத்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பொங்கல் லீவுல மறுபடி போடணும். இன்னொருத்தி விழுந்தா நான் உசுரோட இருக்க மாட்டேன். எத்தனை எம்எம் போட்டா நிக்கும்? அதை மட்டும் சொல்லுங்க.”

“அங்க தரைமேல என்னண்ணே விழுது?”

“கடலைமிட்டாய் கம்பெனிங்க. வெல்லப்பாகுதான் விழும்.”

“எவ்வளவு சூட்டுல?”

“தெரியலைங்க.”

“எதை ஊத்திக் கழுவுறாங்க?”

“அதுவும் தெரியாதுங்களே. மிஷின் நின்னு, ஆளெல்லாம் போனாத்தான் எங்களை உள்ளயே விடுவாங்க.”

“கம்பெனில நான் சொல்லி வைக்கிறேன், நாளைக்குக் காலைல ஏழு மணிக்குப் போங்க. ஒரு ஓரமா நில்லுங்க. சாயங்காலம் வந்து கேளுங்க.”

எத்தனை எம்எம் என்று கேட்டால் இப்படி அலைக்கழிக்கிறாரே என்று வேதமுத்துவுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் போனார்.

மறுநாள் காலை கம்பெனியில் இரண்டு பேர் பாகுக் கொப்பரையைத் தரதரவென்று இழுத்துப் போனார்கள். சிந்திய பாகு தரையிலேயே கல்லாக இறுகியது. பெண்கள் அதன்மேல் வாளி வாளியாகக் கொதிநீரை ஊற்றினார்கள். இளகாத இடத்தை இரும்புச் சட்டுவத்தால் சுரண்டினார்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இதேதான்.

பெயர்ந்த இடம் வந்ததும் எல்லோரும் புடவையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டினார்கள். யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு பழகிவிட்டது.

வேதமுத்து அந்த விளிம்பைத் தொடக் குனிந்தார். ஒரு பெண் அவர் தோளைப் பிடித்து இழுத்தாள்.

“பாத்துண்ணே. செண்பகம் இங்கதான் விழுந்தா.”

தரையைப் போட்டது நான்தான் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் அவர் சலீமாவின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“இப்ப கேளுங்கண்ணே.”

வேதமுத்து எத்தனை எம்எம் என்று கேட்கவில்லை; கொதிநீருக்கும் சட்டுவத்துக்கும் வெறும் கனம் மட்டும் போதாது என்று கண்ணால் பார்த்துவிட்டார்.

“இருபத்தாறு வருஷத்துல நூத்தி நாப்பது தரை போட்டிருக்கேன் மேடம்,” என்றார். “ஒண்ணுலகூட ஆளுங்க வேலை செய்யறதை நான் நின்னு பாத்ததில்லை. எல்லாத்து மேலயும் இந்நேரம் யாரோ நடந்துட்டு இருப்பாங்க.”