ஒரே மூச்சில் வாசித்த வகுப்பு

மூங்கில் காட்டுக் குளத்தருகே மைனா டீச்சர் ஒரு வகுப்பு நடத்தி வந்தது. முயல், மான், நரிக் குட்டிகளோடு இரண்டு முள்ளம்பன்றிக் குட்டிகளும் அங்கே படித்தன. பாடம் தேக்கிலையில் எழுதியிருக்கும். மூச்சு விடாமல் வாசித்தால் ஒரு நாவற்பழம். நடுவில் நின்றால் கிடையாது!

முள்ளம்பன்றிக் குட்டிகளின் தாய் செண்பகமும் தினமும் வந்து பின்னால் உட்காரும். அதற்கு எழுத்து தெரியாது. ஆனால் குட்டிகளுக்குப் படித்தது புரிகிறதா, இல்லையா என்று மனம் அடித்துக்கொண்டே இருக்கும்.

"டீச்சரம்மா, வெள்ளம் வடிஞ்சதுன்னு படிச்சாங்களே, வடிஞ்சா தண்ணி இருக்குமா, இருக்காதா? பிள்ளைங்களைக் கேளுங்களேன்!"

"நடுவில பேசாதீங்க, செண்பகம்! மூச்சு அறுந்துடும்!"

"அத்தைக்கு இன்னைக்குப் பழம் கிடையாது!" என்றது நரிக்குட்டி. வகுப்பே சிரித்தது.

"அம்மா, நீ வீட்டிலேயே இரேன்" என்று முணுமுணுத்தது செண்பகத்தின் மூத்த குட்டி.

கோடை வந்தது. ஒருநாள் காலை, காட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் குளக்கரையில் ஒரு பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். புதுப் பாடம் கிடைத்த மகிழ்ச்சியில் மைனா வகுப்பையே அங்கே கூட்டிப்போனது.

"கரை உள்ளே அரித்துவிட்டது. மேலே புல் மூடியிருக்கும். இங்கே இறங்க வேண்டாம். தண்ணீருக்கு வடக்குத் துறைக்குச் செல்லவும்."

குட்டிகள் ஒரே மூச்சில் முழங்கின. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

"பிரமாதம்! எல்லாருக்கும் பழம்! வெயில் சுடுது, போய்த் தண்ணி குடிங்க!" என்றது மைனா.

குட்டிகள் வரிசை கட்டி அங்கேயே இறங்கப் போயின. முன்னால் செண்பகத்தின் மூத்த குட்டி. அதன் பின்னால் நரிக்குட்டி.

இறங்க வேண்டாம் என்று வாசித்ததைச் செண்பகம் கேட்டிருந்தது. ஓடிப்போய்க் குறுக்கே நின்று, முட்களைச் சிலிர்த்து வழியை மறித்தது.

"நகருங்க அத்தை, தாகம்!" என்றது நரிக்குட்டி.

"இப்ப என்ன படிச்சே? சொல்லிட்டுப் போ!"

"கரை உள்ளே அரித்துவிட்டது மேலே புல் மூடியிருக்கும் இங்கே..."

"ஒப்பிக்காதேடா! எனக்குப் புரியற மாதிரி சொல்லு. எங்கே இறங்கக் கூடாது?"

நரிக்குட்டி பலகையைத் திரும்பிப் பார்த்தது. தன் காலடியைப் பார்த்தது.

"ஐயோ அத்தை! இங்கேதான்!"

குட்டிகள் அலறிக்கொண்டு பின்னால் ஓடின. செண்பகம் தன் குட்டியைத் தள்ளிக்கொண்டு விலகியதுதான் தாமதம், புல்லோடு கரை பொத்தென்று சரிந்து தண்ணீரில் விழுந்தது.

மைனா செண்பகத்தின் அருகே பறந்து வந்தது. "நானும்தானே கேட்டுக்கிட்டு நின்னேன்! எனக்கும் உறைக்கலையே, செண்பகம்!"

மறுநாளே வகுப்பு மாறியது. ஒரு வரி வாசிக்க வேண்டும். இலையைக் கவிழ்க்க வேண்டும். படித்ததைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொந்தப் பேச்சில் சொல்ல வேண்டும். கேட்டவர் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். விடை தெரியாவிட்டால் இலையைத் திருப்பி மறுபடி பார்க்கலாம்.

நரிக்குட்டியின் அப்பா வந்து முகம் சுளித்தது. "காலையிலேருந்து நாலே வரியா?"

"நாலே வரிதான். எதை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க!" என்றது மைனா.

வாய் வாசித்ததை மனம் வாங்கிக்கொண்டால்தான் அது படிப்பு. இல்லாவிட்டால் எவ்வளவு வேகமாக வாசித்தாலும் பயனில்லை.