கடலை விரட்டிய பன்றி

கடலோரக் காடு ஒன்றில் உக்கிரன் என்ற காட்டுப்பன்றி இருந்தது. தினமும் காலையில் கரைக்குப் போய்க் கடலைப் பார்த்து உறுமுவதுதான் அதன் வேலை.

அந்தக் கரையின் தரை ஆண்டுக்கு ஒரு விரற்கடை உயர்ந்துகொண்டே வந்தது. அதனால் அலைகள் சற்றுத் தள்ளியே நின்றன. பன்றிக்கு இது தெரியாது.

"என் உறுமலுக்குப் பயந்து கடல் ஓடுகிறது" என்றது.

மற்ற விலங்குகள் நம்பின. கடல் விட்டுச் சென்ற புதிய கரையில் குடியேறி, தோண்டிய கிழங்கில் பாதியைப் பன்றிக்குக் கொடுத்தன.

செம்பி என்ற நண்டு மட்டும் நம்பவில்லை. வளை தோண்டித் தோண்டியே வளர்ந்த நண்டு அது. மேலே மக்கிய இலை, அதன்கீழ் கடல்மணல், அதற்கும் கீழே மறுபடி மக்கிய இலை, மறுபடி கடல்மணல். தோண்டத் தோண்ட இதே அடுக்குகள்தான் வந்தன.

"இந்த நிலம் மெல்ல எழுந்து, திடீரென்று அமிழ்ந்திருக்கிறது. பலமுறை நடந்திருக்கிறது. மேட்டுக்குப் போய்விடுவோம்" என்றது.

"குழிக்குள் கிடப்பவளுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்?" என்றது பன்றி. மற்ற விலங்குகள் சிரித்தன.

ஒரு நண்பகலில் தரை கிடுகிடுவென்று ஆடியது. ஆட்டம் நின்றபோது கரை ஒரு பன்றியின் உயரம் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது.

"யாரும் நகரக் கூடாது. நான் உறுமுகிறேன்" என்றது பன்றி.

விலங்குகள் அப்படியே நின்றன. மண்ணைப் பற்றிப் பேச இது நேரமல்ல என்று செம்பிக்குப் புரிந்தது.

"ஐயா, இங்கிருந்து உறுமினால் கடலுக்குச் சரியாகக் கேட்காது. அதோ, அந்தக் குன்றின் உச்சியிலிருந்து உறுமுங்கள். நாங்களும் வந்து பார்க்கிறோம்" என்றது.

பன்றிக்கு உச்சி குளிர்ந்தது. "அதுவும் சரிதான். எல்லோரும் என் பின்னால் வரிசையாக வாருங்கள்."

நண்டு பன்றியின் வாலைப் பற்றிக்கொண்டது. வழியில் பன்றி இளைப்பாற நின்றபோதெல்லாம் ஒரு கிள்ளு கிள்ளியது. பன்றி பாய்ந்து ஓடியது, மற்றவையும் ஓடின.

அவை உச்சியை அடைந்ததும் பெரிய அலைகள் வந்து கரையை மூடின. பன்றி தொண்டை வறள உறுமிப் பார்த்தது. கடல் பின்வாங்கவில்லை.

சருகுமான் பணிவாகக் கேட்டது: "ஐயா, அன்று கடலை விரட்டியது நீங்கள். இன்று அதைக் கூட்டி வந்தது யார்?"

பன்றி குன்றின் மறுபக்கமாக இறங்கிப் போய்விட்டது.

நீதி: தானாக நடப்பதைத் தன்னால் நடந்தது என்று சொல்பவன், அது மாறும்போது பழியையும் ஏற்க வேண்டும்.